உன் ஆர்மோனியமும் என் பின்சுவரும்

கோத்தகிரி
பிப்ரவரி 10

அன்புள்ள மல்லிகா,

நலம்தானே? இங்கே எல்லோரும் சுகம், அப்பாவுக்கு முழங்கால் வலி தேவலை. நவம்பரிலிருந்து உனக்கு எழுதாததற்குக் காரணம் வேலைப்பளு அல்ல. உன் ஆர்மோனியம்.

தீபாவளி கழிந்து பெய்த மழையில், அது இருந்த கீழ் அறைப் பக்கம் யாரும் போகவில்லை. மழை விட்டதும் கதவைத் திறந்தேன், ஈரச்சாக்கு வாடை. பெட்டியைத் திறந்தால் துருத்தி மடிப்பெல்லாம் சாம்பல் நிறத்தில் பூஞ்சணம். நடுவில் இரண்டு கட்டைகள் அழுத்தினால் எழும்பவே இல்லை. உன் பாட்டி தினம் துடைத்து வைத்த பெட்டி! அதைப் பார்த்துவிட்டு உனக்கு என்னவென்று எழுதுவேன்?

அந்த அறையின் பின்சுவர் உனக்கு நினைவிருக்கும். மேட்டை வெட்டிக் கட்டியது, மறுபக்கம் ஏழடிக்கு மண். முழங்கால் உயரம் வரை பெயிண்ட் கொப்பளித்து, உப்புப் பூத்திருந்தது. பார்க்க வந்த காண்ட்ராக்டர், வெளியே அடிவரை மண்ணை எடுத்துவிட்டுத் தார்ஷீட் ஒட்டினால்தான் தீரும் என்றார். எனக்குத் தூக்கமே போய்விட்டது. சரிவின் அடியை வெட்டினால் மேலே இருக்கிற மண் எதைப் பிடித்து நிற்கும்? 2009 நவம்பரில் இந்த மலையில் 40 பேருக்கு மேல் மண்ணுக்குள் போனதை நாம் மறக்க முடியுமா? மண்ணை வெட்ட வேண்டாம் என்று சொல்லி அவரை அனுப்பிவிட்டேன். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

அப்புறம் நம்ம ஆறுமுகம் கொத்தனார் வந்தார். ஒரு முழம் பாலிதீன் தாளை நான்கு ஓரமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டினார். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் அறைப்பக்கம் உலர்ந்திருக்கிறது, உரித்தால் சுவர்ப்பக்கம் முத்து முத்தாக நீர். அறைக்காற்றின் ஈரம் குளிர்ந்து படிந்திருந்தால் முன்பக்கம் நனைந்திருக்குமாம். இது மண்ணிலிருந்தே வருகிறது. அடுத்த மழையில் வீட்டைச் சுற்றி வந்து கூரையைக் காட்டினார். தூம்பில் ஓட்டை. கூரைத் தண்ணீர் முழுக்க அந்தச் சுவரின் தலையிலேயே கொட்டிக்கொண்டிருந்தது, மல்லிகா. எத்தனை வருஷமோ!

தூம்பை மாற்றி, குழாயைப் பத்தடி தள்ளி ஓடையில் விட்டோம். சுவருக்குப் பின்னால் முக்கால் அடி ஆழத்தில் ஒரு சிமெண்ட் வாய்க்கால். வெளியே தோண்டியது அவ்வளவுதான். பாதி ஈரம் அதிலேயே குறைந்தது.

உள்ளே பழைய பூச்சை இடுப்பு உயரத்துக்கு உடைத்து, கல் இடுக்குகளைச் சுரண்டினார். தண்ணீர் கசிந்த மூன்று இடத்திலும், சில நிமிடத்தில் இறுகும் சிமெண்டை உருட்டி உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டே நின்றார். அதன்மேல் வாட்டர்புரூஃப் சிமெண்ட் இரண்டு கை. வெறும் பெயிண்ட் அடித்தால் பின்னாலிருந்து தள்ளும் தண்ணீர் அதை உரித்துப் போட்டுவிடும். சரி, தடுத்த தண்ணீர் எங்கே போகும்? சுவரின் அடியில் அங்கங்கே துளை விட்டு, தரை ஓரமாக ஒரு சாண் அகலம் வெட்டி, துளையிட்ட குழாய் பதித்து ஜல்லி நிரப்பி, பள்ளத்துப் பக்கம் வெளியே விட்டோம். மலைவீட்டுக்கு இது ஒரு வரம். பம்பு வேண்டாம், சரிவே இழுத்துக்கொள்கிறது. மேல்பாதிச் சுவருக்குச் சுண்ணாம்புதான் அடித்தோம், உள்ளிருக்கும் ஈரம் வெளியேற வேண்டுமே. (செலவை உன் வீட்டுக்காரரிடம் சொல்லாதே. அவர் பேனாவை எடுத்துக் கணக்குப் போட ஆரம்பித்துவிடுவார்.)

இப்போது உப்பு இல்லை, வாடை இல்லை. ஆனால் ஐப்பசி மழை தாண்டும்வரை அங்கே ஒரு துணிகூட வைக்க மாட்டேன்.

ஆர்மோனியம் கோயம்புத்தூரில் ரிப்பேர்காரரிடம் இருக்கிறது. ரீடுகளைச் சுத்தம் செய்தால் போதுமாம், துருத்தியை மட்டும் புதிதாகப் போட வேண்டும் என்கிறார். அப்படிச் செய்தால் பாட்டி ஒட்டுப்போட்ட பச்சைத் துணி போய்விடும். நீ சொல்லும்வரை தொட வேண்டாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். மாற்றச் சொல்லட்டுமா?

உன்,
ராஜி