எந்த கேமரா என்று கேட்டாயே, அம்மிணி

அன்புள்ள அம்மிணிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். மஞ்சள் வெட்டு முடிந்து, வேகவைத்துக் களத்தில் காயப் போட்டிருக்கிறது. அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. பெரிய மாமன் வீட்டு விசேஷம் நல்லபடியாக நடந்தது. எல்லாரும் உன்னைத்தான் கேட்டார்கள். வேலை அதிகம், வர முடியவில்லை என்று சொல்லிச் சமாளித்தோம்.

உன் மெசேஜ் செவ்வாய்க்கிழமை ராத்திரி வந்தது. பொங்கலுக்கு அப்புறம் அதுதான் முதல் சேதி. உள்ளே கண்ணாடி இல்லாத, லென்ஸ் மாற்றுகிற மிரர்லெஸ் கேமரா வாங்கலாமா, பாக்கெட்டில் போடுகிற சின்ன கேமராவே போதுமா, மார்ச் கடைசியில் ஸ்காட்லாந்தின் ஸ்கை தீவுக்குப் போக வேண்டும் என்று கேட்டிருந்தாய். அம்மா என் கையிலிருந்து போனை வாங்கித் திரும்பத் திரும்பப் படித்தாள். "வேற ஒண்ணும் எழுதலீங்களா?" என்றாள். கேமராவைப் பற்றிக் கேட்டிருக்கிறாள், அதற்குப் பதில் எழுதுகிறேன் என்றேன். போனில் சொன்னால் ஒரு காதில் வாங்கி மறு காதில் விடுவாய், அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். நிதானமாகப் படி.

முதலில் ஒன்று தெரிய வேண்டும். யார் யார் போகிறீர்கள்? நீயும் மாப்பிள்ளையும் என்றால் ஒரு பதில், ஆபீஸ் ஆட்களோடு என்றால் ஒரு பதில், தனியாக என்றால் வேறு பதில். நான் இத்தனை வருஷம் கோபியில் ஸ்டுடியோ வைத்திருந்தவன். கேமரா கேட்டு வருகிறவரிடம் பட்ஜெட் கேட்பதற்கு முன்னால் யாரை எடுக்கப் போகிறீர்கள் என்றுதான் கேட்பேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எல்லாம் வெளிச்சக் கணக்குத்தான். டிசம்பரில் எடின்பரோவில் மாலை 3.40-க்கே பொழுது விழுந்துவிடும் என்று போன வருஷம் நீ சொன்னாய். மார்ச் கடைசியில் பகல் நீளம்தான், ஆனால் மேகமும் மழையும் விடாது. நம் ஊர் பங்குனி வெயிலில் எந்த கேமராவும் படம் எடுக்கும். அங்கே அப்படி நடக்காது.

சோனி ஆர்எக்ஸ்100 வகைச் சின்ன கேமராவில் சென்சார், அதாவது பிலிமுக்குப் பதிலாகப் படம் பதிகிற தகடு, 13.2 மில்லிமீட்டருக்கு 8.8. ஏபிஎஸ்-சி என்கிற நடுத்தர அளவு சென்சார் வைத்த மிரர்லெஸ்ஸில் ஏறக்குறைய 23.5-க்கு 15.6. பெருக்கிப் பார், பரப்பு மூன்று மடங்கு. ஃபுல் ஃபிரேம் என்றால் 36-க்கு 24, நாம் போட்டுக்கொண்டிருந்த 35 எம்எம் பிலிம் அளவேதான். சென்சார் பெரிதானால் வெளிச்சம் அதிகம் சேரும், இருட்டில் கிரெய்ன் குறையும். இதைச் சொல்லித்தான் கடைக்காரர்கள் மிரர்லெஸ்ஸைத் தலையில் கட்டுவார்கள்.

ஆனால் பெட்டியோடு வருகிற 16-50 ஜூம் லென்ஸ் எஃப் 3.5-ல் தொடங்கும், இழுத்தால் 5.6-க்குப் போய்விடும். இந்த எஃப் எண் சின்னதானால் வெளிச்சம் அதிகம் உள்ளே வரும். ஆர்எக்ஸ்100-ல் மூன்றாவது மாடலிலிருந்து ஐந்தாவது வரைக்கும் லென்ஸ் 1.8-ல் தொடங்கி 2.8-ல் முடியும். 3.5-க்கும் 1.8-க்கும் நடுவில் கிட்டத்தட்ட இரண்டு ஸ்டாப், அதாவது நாலு மடங்கு வெளிச்சம். பெரிய சென்சாரால் கிடைத்த மூன்று மடங்கை லென்ஸ் விழுங்கிவிட்டது. இரண்டும் ஒன்றுக்கு ஒன்று சரி. பெரியது வாங்கியும் இருட்டில் மிச்சம் ஒன்றுமில்லை. ஆகவே மிரர்லெஸ் வாங்கினால் அந்த ஜூமை விட்டுவிடு. எஃப் 2 அல்லது 1.8 உள்ள, ஜூம் இல்லாத ஒரு ஒற்றை லென்ஸ் போட்டு வாங்கு, இல்லையென்றால் வாங்காதே.

பண்ணாரி குண்டம் தீமிதியில் விடியுமுன் பழைய யாஷிகா பிலிம் கேமராவை வைத்துக்கொண்டு நான் பட்ட பாடு உனக்குத் தெரியும். லென்ஸ் 3.5, ஒரு ரோலுக்கு 12 படம், தணல் வெளிச்சத்தைத் தவிர வேறு இல்லை. ஃப்ளாஷ் அடித்தால் தணலின் சிவப்பே போய்விடும். இறங்கி ஓடுகிறவர் கால் அசைந்து, முகம் மட்டும் நின்ற ஒரு படம் இன்னும் கடையில் மாட்டியிருக்கிறது. இன்றைக்கு பையன்கள் அதே இடத்தில் சத்தமில்லாமல், ஃப்ளாஷ் இல்லாமல் எடுத்துவிட்டு வருகிறார்கள். 2008-ல் பானசோனிக் முதல் மிரர்லெஸ்ஸைக் கொண்டுவந்தபோது நம் தொழிலில் ஒருவரும் சட்டை செய்யவில்லை. இப்போது கல்யாணத்துக்கு வருகிற பையன்கள் கையில் கண்ணாடி வைத்த கேமராவைப் பார்ப்பதே அரிது. எடுப்பதற்கு முன்னாலேயே படம் எப்படி வரும் என்று வியூஃபைண்டரில் தெரிந்துவிடுகிறது. அது பெரிய வசதி, குறை சொல்ல மாட்டேன்.

எடையையும் பார். மிரர்லெஸ்ஸில் சோனி 6400 லென்ஸ் இல்லாமல் வெறும் பாடி 403 கிராம், அந்தச் சின்ன ஜூம் போட்டால் அரைக் கிலோ தாண்டும். ஃபுல் ஃபிரேமில் நல்ல ஜூம் போட்டால் ஒன்றேகால் கிலோவுக்கு மேல். ஆர்எக்ஸ்100 ஏழாவது மாடல் 302 கிராம். ரிக்கோ ஜிஆர் மூன்று என்கிற இன்னொரு சின்ன கேமரா 257 கிராம்தான், சென்சாரோ ஏபிஎஸ்-சி. தெருவில் எடுக்கிறவர்கள் அதன்மேல் உயிரையே வைத்திருக்கிறார்கள். ஆனால் அதில் ஜூம் இல்லை, ஃப்ளாஷ் இல்லை, கண் வைத்துப் பார்க்க வியூஃபைண்டரும் இல்லை. 28 எம்எம் பார்வை, ஏறக்குறைய செல்போன் பார்வையேதான். பேட்டரி ஒரு சார்ஜுக்கு 200 படம் சுமார். குளிரில் அதுவும் நிற்காது. எதை வாங்கினாலும் கூட ஒரு பேட்டரி வாங்கி ஸ்வெட்டருக்கு உள்ளே, உடம்புச் சூடு படுகிற பாக்கெட்டில் வைத்துக்கொள்.

அப்புறம் மழை. ஜிஆர் மூன்றாவதும் சரி, ஆர்எக்ஸ்100-ம் சரி, தண்ணீர் தாங்காது. பையில் நல்ல பிளாஸ்டிக் கவர் வை. கேமரா வாரை மணிக்கட்டில் மாட்டு. நீஸ்ட் பாயிண்ட் என்கிற இடத்தின் படங்களை நெட்டில் பார்த்தேன். கடலுக்கு நேரே வெட்டினமாதிரி பாறை. ஸ்கிரீனைப் பார்த்துக்கொண்டே பின்னால் காலை வைக்காதே. கொடிவேரியில் உன்னை எத்தனை தடவை சட்டையைப் பிடித்து இழுத்திருக்கிறேன். படம் ஃபிரேமுக்குள் வரவில்லை என்றால் வராமல் போகட்டும்.

நான் ஏன் சின்ன கேமராவைத் தள்ளிவிடாமல் இவ்வளவு எழுதுகிறேன் என்றால், ஆத்தாவின் படத்தை நினைத்துத்தான். என் ஆயுசில் எத்தனை கல்யாணம், எத்தனை சீர் எடுத்திருப்பேன். இணைச்சீரில் நாத்தனார் முகத்தில் வருகிற மிடுக்கை எந்த நொடியில் பிடிக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஆனால் பெற்ற தாயை நான் கேமராவோடு அணுகினாலே முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, கையைத் தொடையில் வைத்து, ரேஷன் கார்டுக்கு உட்காருகிற மாதிரி உட்கார்ந்துவிடுவார். நீ காலேஜ் படிக்கும்போது அந்தச் சின்ன கேனானை வைத்துக்கொண்டு களத்தில் அவர் பக்கத்தில் குந்தினாய். அவர் நிலக்கடலை உடைத்துக்கொண்டே உன்னோடு பழமை பேசிக்கொண்டிருந்தார். வாய்க்குள் ஒரு கடலை, கன்னம் ஒரு பக்கம் உப்பியிருக்கிறது, மூக்குத்தியில் வெயில், உன்னைப் பார்த்துச் சிரிக்கிறார். சென்சார் நகத்தளவுதான். அதைத்தான் பெரிதாகப் பிரிண்ட் போட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறோம். வருகிற ஒறம்பரை எல்லாம் ஸ்டுடியோக்காரர் எடுத்தது என்று நினைக்கிறார்கள். இல்லை, என் மகள் எடுத்தது என்பேன். அந்தியூர் குதிரைச் சந்தைப் படத்தை உன் காலேஜில் மாட்டினார்களே, அதைவிட இதில்தான் எனக்குப் பெருமை. ஆட்களிடம் போகிற கை உனக்கு இருக்கிறது. பெரிய கேமரா அந்தக் கைக்கு இடைஞ்சல் ஆகிவிடக் கூடாது.

அதனால்தான் இன்னொன்றும் கேட்கிறேன். இப்போதெல்லாம் நீ அனுப்புகிற படங்களில் ஆளே இல்லை. தீபாவளிக்கு அப்புறம் வந்தது எல்லாம் தெரு, மரம், மலை, ஜன்னல். நன்றாகத்தான் இருக்கின்றன. ஆனால் உன் முகத்தைப் பார்த்து எத்தனை நாளாயிற்று. முன்னெல்லாம் மாப்பிள்ளை உன்னை எடுத்து அனுப்புவார், ஓரத்தில் அவர் விரல் விழுந்திருக்கும். லென்ஸ்மேல் கையை வைக்காதீங்க மாப்பிள்ளை என்று போனில் ஒவ்வொரு தடவையும் சொல்வேன், அவரும் சரிங்க மாமா என்பார், அடுத்த படத்திலும் விரல் இருக்கும். இப்போது வருகிற படங்களில் விரல் இல்லை. போன மாதம் நீ அனுப்பிய புல்வெளிப் படத்தில் சூரியன் உன் முதுகுப் பக்கம். நிழல் நீளமாக விழுந்திருக்கிறது. ஒரு நிழல்தான் இருக்கிறது.

படம் பார்க்கிறது என் தொழில், கண்ணு. பார்த்ததைச் சொல்கிறேன், கேள்வியாக எடுத்துக்கொள்ளாதே. அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை. அவள் தானாகவே ஏதோ கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறாள். சென்னிமலைக்குப் போய் வர வேண்டும் என்கிறாள். என்ன வேண்டுதல் என்று நானும் கேட்கவில்லை.

ஆகவே என் பதில் இது. தனியாகப் போகிறாய் என்றால் சின்னதை வாங்கு. ஜிஆர் வேண்டாம், அதன் ஸ்கிரீன் அசையாது. கல்லின்மேல் வைத்துவிட்டு எதிரில் நின்றால் நீ ஃபிரேமில் இருக்கிறாயா என்று உனக்கே தெரியாது. ஆர்எக்ஸ்100 ஐந்தாவது ஏ மாடல் கிடைத்தால் நல்லது. ஸ்கிரீனை மேலே மடக்கினால் உன் பக்கம் திரும்பும், 10 செகண்ட் டைமர் போட்டுவிட்டு நீயே போய் நிற்கலாம். வழியில் வருகிற யாரிடமும் கொடுத்து ஒரு படம் எடுங்கள் என்று கேட்கவும் கூச்சம் இருக்காது. பெரிய கேமராவை நீட்டினால் ஆட்கள் பயப்படுவார்கள், எங்கே அமுக்குவது என்று தெரியாமல் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். போகிற இடத்திலெல்லாம் ஒரு படத்திலாவது நீ இருக்க வேண்டும். மலையை நான் நெட்டில் பார்த்துக்கொள்வேன். நீ நிற்கிற படம் அங்கே கிடைக்காது.

இரண்டு பேருமாகப் போவதானால் மிரர்லெஸ்ஸே வாங்கு. சோனி 6400-ல் அந்த 35 எம்எம் 1.8 லென்ஸ் போட்டால் முகத்துக்கு அருமையாக இருக்கும், பின்னால் உள்ளது மெல்லக் கரைந்துவிடும். லென்ஸ் மாற்றுகிற கேமராவில் ஒரு நல்லது, சென்சாரில் தூசி விழுந்தால் புளோயர் வைத்து ஊதிவிடலாம். சின்ன கேமராவுக்குள் தூசி போனால் பிரிக்கத்தான் வேண்டும், சர்வீஸ் செலவு ஆளை அடிக்கும். ஒருவர் பையைத் தூக்க, ஒருவர் எடுக்க, எடையும் தெரியாது. மாப்பிள்ளை எடுத்தால் லென்ஸ்மேல் விரல் விழட்டும், நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்.

அதனால் யார் யார் போகிறீர்கள் என்பதை மட்டும் ஒரு வரி எழுது. அதற்குமேல் நீயாகச் சொல்கிற வரைக்கும் நான் எதையும் கேட்கப் போவதில்லை. ஊரில் யார் என்ன சொல்வார்கள், பெரிய மாமன் என்ன நினைப்பார் என்றெல்லாம் நீ யோசிக்க வேண்டாம். மஞ்சளை இன்னும் வெயிலில் போடுவதா, குடோனில் இறக்குவதா என்று யோசிக்கிற நேரத்தில் கூட எனக்கு உன் நினைப்புத்தான். சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடு. அம்மா கொள்ளும் பருப்புப் பொடியும் கட்டி வைத்திருக்கிறாள், யாராவது வந்தால் கொடுத்தனுப்புகிறேன். வாரை மணிக்கட்டில் மாட்டு. பின்னால் காலை வைக்காதே.

பணத்தைப் பற்றி. மஞ்சள் ஈரோட்டில் போட்டதும் உன் கணக்குக்கு அனுப்புகிறேன், கேமராவுக்கு என்று நினைத்துத்தான் அனுப்புவேன். ஆனால் அந்தப் பணத்துக்கு டிக்கெட் போட வேண்டும் என்று தோன்றினால் டிக்கெட்டே போடு. கேமராவை இங்கே கோயம்புத்தூரில் வாங்கிக்கொள்ளலாம், கையில் பிடித்துப் பார்த்து நானே எடுத்துத் தருகிறேன். காரணம் எழுத வேண்டியதில்லை, தேதியும் விமானம் வந்து சேருகிற நேரமும் எழுதினால் போதும். நடு ராத்திரியானாலும் பீளமேடு ஏர்போர்ட்டில் வந்து நிற்பேன்.

அன்புடன்
அப்பா