முறுக்கோடு திரும்பிப் போன டப்பா: அமெரிக்க காங்கிரஸ் உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மாண்புமிகு செனட் மற்றும் பிரதிநிதிகள் அவை உறுப்பினர்களுக்கு,

வணக்கம். இந்த மடலின் ஆங்கிலப் படியை உங்களில் சிலருக்கு முன்பே அனுப்பியிருந்தேன். "தங்கள் கருத்துக்கு நன்றி" என்று ஒரு பதில் வந்தது. எந்தக் கருத்துக்கு என்று அதில் இல்லை. கஞ்சாக் கடை திறந்திருந்தால் சட்டமும் இடம் கொடுத்துவிட்டது என்று நம்பும் எங்கள் ஆட்களாவது படிக்கட்டும் என்று இப்போது தமிழிலும் எழுதுகிறேன்.

1970-ஆம் ஆண்டின் மத்திய போதைப்பொருள் சட்டம் கஞ்சாவை மிகக் கடுமையான முதல் பட்டியலில் வைத்ததும், கலிபோர்னியா மக்கள் 1996-இல் மருத்துவக் கஞ்சாவுக்கும் 2016-இல் வயது வந்தோரின் பொதுப் பயன்பாட்டுக்கும் இசைந்து வாக்களித்ததும் நீங்கள் அறிந்ததே. என் வீட்டில் நடப்பதை மட்டும் சொல்கிறேன்.

என் மனைவிக்கு மார்பகப் புற்றுநோய். கட்டி போய்விட்டது, கீமோதெரபி விட்டுச்சென்ற நரம்பு வலி போகவில்லை. பகலில் சமாளித்துவிடுவாள். இரவு இரண்டு மணிக்கு மேல், பச்சை மிளகாய் அரைத்த கையைப் போல உள்ளங்கால் எரிகிறது என்று எழுந்து, சமையலறையின் குளிர்ந்த தரையில் வெறுங்காலுடன் நடப்பாள். விளக்கெண்ணெய் தடவிப் பார்த்தோம். டாக்டர் கொடுத்த மாத்திரையில் தலை சுற்றியதே தவிர எரிச்சல் அடங்கவில்லை. சிகிச்சைக்குப் போன இடத்தில் நர்ஸ் ஒருவர் இயல்பாகக் கேட்டார்: "கஞ்சா சேர்த்த மிட்டாய் ஏதாவது முயன்று பார்த்தீர்களா? சிலருக்குத் தூக்கமாவது வருகிறது."

சான் ஹோசேயில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு சிக்னல் தள்ளி உரிமம் பெற்ற கடை இருக்கிறது. வாசலில் அடையாள அட்டையைப் பார்த்து உள்ளே விடுகிறார்கள். மருந்துக் கடைக்குப் போவதுபோல் முதியவர்கள் போய் வருகிறார்கள். எங்கள் வழக்கறிஞரிடம் கேட்டேன். அவர் யோசிக்கக்கூட இல்லை. "தொடாதீர்கள். டாக்டரிடம் பரிந்துரைச் சீட்டும் வாங்காதீர்கள். கைபேசியில் அந்தக் கடையின் படம்கூட இருக்க வேண்டாம்."

ஏனென்றால் நாங்கள் குடிமக்கள் அல்லர். 2009-இல் வரிசையில் நின்று 2020-இல் கிரீன் கார்டு வாங்கியவர்கள். இப்போது குடியுரிமைக்கு விண்ணப்பித்திருக்கிறோம். கைதாகாமல் போன குற்றம் ஏதேனும் செய்ததுண்டா என்று படிவம் கேட்கிறது. மாநிலம் அனுமதித்தாலும் மத்தியச் சட்டத்தில் குற்றமான மிட்டாயைத் தின்றவள் "ஆம்" என்றால், குடியுரிமைக்குத் தேவையான நன்னடத்தை இல்லாதவள். "இல்லை" என்றால், சத்தியம் செய்துவிட்டுப் பொய் சொன்னவள். வழக்கும் தீர்ப்பும் வேண்டியதில்லை, அவள் வாயிலிருந்து வரும் ஒப்புதலே போதும். மாநிலச் சட்டம் அனுமதித்தாலும் இதுதான் நிலை என்று குடியேற்றத் துறை 2019 ஏப்ரலில் எழுத்திலேயே தெளிவுபடுத்திவிட்டது. ஒரே ஒரு முறை, 30 கிராமுக்குள் வைத்திருந்தால் விலக்கு உண்டாம். வலி ஒரே ஒரு முறை வந்து போவதாக இருந்தால் அந்த விலக்கு எங்களுக்கும் உதவியிருக்கும்.

பக்கத்து வீட்டு அம்மையாருக்கும் இதே நோய் வந்தது. அவர் இந்த மண்ணில் பிறந்தவர். என் மனைவி இரவில் நடப்பதை ஜன்னல் வழியே பார்த்துவிட்டு, தன்னிடமிருந்த சிறு தகர டப்பாவைக் கொண்டுவந்து கொடுத்தார். மறுநாள் காலை அதைத் திறக்காமலேயே திருப்பிக் கொடுத்தோம். வெறும் கையோடு போகக் கூடாது என்று இவள் ஒரு பை முறுக்கும் கொண்டுபோனாள். அந்த அம்மையாருக்கு முறுக்கு பிடித்திருந்தது. நாங்கள் ஏன் பயந்தோம் என்பதுதான் அவருக்கு இன்றுவரை புரியவில்லை.

அந்த மிட்டாய் வலியைத் தீர்க்கும் என்று நான் வாதாடவில்லை. தீர்க்காமலும் போகலாம். அதை டாக்டரும் நோயாளியும் பார்த்துக்கொள்ள வேண்டும், விசா அதிகாரி அல்ல. நான் கேட்பது ஒன்றுதான்: மாநிலச் சட்டத்துக்கு உட்பட்டு நடந்தவரைக் குடியேற்றச் சட்டம் தண்டிக்கக் கூடாது.

இது உங்களுக்குப் புதிய வேலையும் அல்ல. மாநிலங்களின் மருத்துவக் கஞ்சாத் திட்டங்களில் குறுக்கிட நீதித் துறை பணம் செலவிடக் கூடாது என்று 2014 முதல் நிதி ஒதுக்கீட்டுச் சட்டங்களில் நீங்களே எழுதி வருகிறீர்கள். அந்த வரியை எழுதிய பேனா குடியேற்றத் துறையின் பெயரை எட்டும் முன் நின்றுவிட்டது. கஞ்சாவைக் கட்டுப்பாடு குறைந்த மூன்றாம் பட்டியலுக்கு மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொல்லாதீர்கள். எந்தப் பட்டியலில் இருந்தாலும் அது கட்டுப்படுத்தப்பட்ட பொருள்தானே. குடியேற்றச் சட்டம் பார்ப்பது அதைத்தான்.

வரி வசூலில் மட்டும் இந்தக் குழப்பம் ஒன்றையும் காணோம். மத்திய அரசின் கண்ணில் அந்தக் கடை குற்றம் நடக்கும் இடம். ஆனாலும் அது வருமான வரி கட்ட வேண்டும். வாடகை, சம்பளம் போன்ற செலவுகளைக் கழித்துக்கொள்ளவும் கூடாது என்று 1982-இலேயே சட்டம் செய்துவிட்டீர்கள். கணக்கியல் படித்த என் அக்காள் மகனுக்கு அப்படி ஒரு நிறுவனத்தில் வேலை கிடைத்தது. அங்கே கணக்கு எழுதினாலே நன்னடத்தை போய்விடும் என்று வழக்கறிஞர் சொன்னதால் போகவில்லை. அங்கே எழுதும் அதே கணக்கை வைத்து வரி வாங்கும் அரசின் நடத்தைக்கு யாரும் படிவம் வைத்திருப்பதாகத் தெரியவில்லை. நீங்கள் கூடும் வாஷிங்டன் நகரிலேயே 2015 முதல் வயது வந்தவர்கள் இரண்டு அவுன்ஸ் வரை வைத்துக்கொள்ளலாம். மத்தியச் சட்டம் செல்லும் உங்கள் கட்டடத்தின் படியிலிருந்து எத்தனை தப்படி நடந்தால் குற்றம் குற்றமில்லாமல் போகிறது என்று ஒருநாள் நடந்து பார்க்க ஆசை.

பேச்சு எங்கோ போய்விட்டது, மன்னிக்கவும். சண்டை போட எழுதவில்லை, வேண்டுகோளாகவே எழுதினேன். மாநிலச் சட்டத்துக்கு உட்பட்டு நடந்தவரைக் குடியேற்றச் சட்டம் தண்டிக்கக் கூடாது என்ற அந்த ஒரு வரியை, அடுத்த நிதி ஒதுக்கீட்டுச் சட்டத்திலேனும் அன்புகூர்ந்து சேர்த்துத் தாருங்கள்.

பதில் அனுப்புவதானால், எந்தக் கருத்துக்கு நன்றி என்பதையும் தயவுசெய்து குறிப்பிடுங்கள்.

இப்படிக்கு,
சான் ஹோசேயிலிருந்து, வாக்குரிமை இல்லாத ஒரு வரி செலுத்துநர்