சீலிங் வேலை குறித்து எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புடையீர்,

லண்டனின் ஹரோவிலும் வெம்பிளியிலும் உள்ள உங்கள் வீடுகளுக்கு 11 ஆண்டுகளாகப் பெயின்ட் வேலை செய்துவரும் எங்களைப் பற்றி, இரண்டு வாரங்களாக வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு படம் சுற்றி வருவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். படத்தில் இருப்பது நாங்கள் பூசிய சீலிங்தான். அது உரிந்திருப்பதும் உண்மைதான். ஆனால் "பெயின்டில் தண்ணீர் கலந்து ஏமாற்றுகிறார்கள்" என்று அதன்கீழ் எழுதியிருந்ததை வாசித்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

தண்ணீர் கலக்கிறோம், உங்கள் கண்முன்னே, உங்கள் வரவேற்பறையிலேயே வைத்துக் கலக்கிறோம். வால்பேப்பரை உரித்தபின் வெளிப்படும் வெறும் பிளாஸ்டர் நீரை வேகமாக உறிஞ்சும். நீர் சேர்ந்த சுவர்ப் பெயின்டான எமல்ஷனைக் கெட்டியாகவே அதன்மேல் நேரே பூசினால், அதிலுள்ள நீரைப் பிளாஸ்டர் இழுத்துக்கொள்ள, பெயின்ட் உள்ளே இறங்காமல் மேலே ஒரு தோலாகக் காய்ந்துவிடும். பிறகு ஓரத்தில் ஒட்டிய டேப்பைக் கழற்றினாலே அந்தத் தோலும் கூடவே வரும். அதனால்தான் முதற்பூச்சுக்கு மட்டும், வினைல் சேராத, பளபளப்பில்லாத மேட் எமல்ஷன் ஏழு பங்குக்கு மூன்று பங்கு தண்ணீர் சேர்க்கிறோம். மிஸ்ட் கோட் என்று இங்குள்ள வேலையாட்கள் சொல்வது இதைத்தான். அது காய்ந்தபின் வரும் இரண்டு பூச்சுகளுக்கும் பெயின்ட் வாளியில் உள்ளபடியே போகிறது. முதற்பூச்சில் தண்ணீர் கலக்காமல் விட்டிருந்தால்தான் எங்களைக் குறை சொல்ல வேண்டும்.

அந்தச் சீலிங் உரிந்ததற்குக் காரணம் பசை. 1930களில் கட்டிய வீடுகளின் சீலிங்கில் ஒட்டியிருக்கும் வுட்சிப் தாளை (மரச்சீவல் பதித்த சொரசொரப்பான வால்பேப்பரை) ஸ்டீமரால் இளக்கிச் சுரண்டி எடுத்தாலும், கண்ணுக்குத் தெரியாத பசைப்படலம் பிளாஸ்டரில் தங்கிவிடும். ஈரக்கையால் தடவினால் வழுக்கும். இளஞ்சூட்டு நீரும் ஸ்பொஞ்சும் கொண்டு, வாளி நீரை அடிக்கடி மாற்றி, வழுக்கல் முற்றாக நிற்கும்வரை கழுவ வேண்டும். கழுவாமல் பூசினால் எமல்ஷனின் ஈரத்தில் பசை மீண்டும் இளகி, காயும்போது சுருங்கி, பெயின்டை வெடிக்கச் செய்து உரித்துவிடும். சுண்ணாம்புத்தூள் போலக் கையில் ஒட்டும் பழைய டிஸ்டெம்பர் இருந்தால் அதையும் நீக்க வேண்டும். பிறகு முழுமையாகக் காய ஒரு நாளாவது விட்டு, வெடிப்புகளை ஃபில்லரால் நிரப்பி, சாண்ட்பேப்பர் தேய்த்து, தூசு துடைத்த பின்னரே மிஸ்ட் கோட். வேலையாட்கள் சும்மா இருப்பதாக உங்களில் சிலருக்குத் தோன்றிய நாள் அந்தக் காயும் நாள்தான்.

அந்த வீட்டில் குடிபுகும் நாள் நெருங்கிவிட்டதால், கழுவும் வேலையை அரை நாளில் முடிக்க நான் சம்மதித்தேன். மூத்த வேலையாள் ஓய்வு பெற்றுப் போயிராவிட்டால் அவர் மறுத்திருப்பார். நானும் மறுத்திருக்க வேண்டும். சீலிங் முழுவதையும் சுரண்டி, கழுவி, எங்கள் செலவிலேயே மீண்டும் பூசித் தருவதாக அந்த வீட்டாரிடம் சொல்லிவிட்டோம்.

படத்தைப் பார்த்ததும் பிறருக்கு அனுப்பாமல் முதலில் எங்களை அழைத்து "என்ன நடந்தது?" என்று கேட்டவர்களுக்கும், எங்களுடன் சேர்ந்து சோபாக்களை நகர்த்தித் தேநீரும் தந்து இத்தனை ஆண்டுகள் எங்களை வீட்டுப் பிள்ளைகளாக நடத்தியவர்களுக்கும் மனமார்ந்த நன்றி. அடுத்த மாதம் முதல் கழுவிக் காயவைக்கும் நாளின் கூலி மதிப்பீட்டில் தனியாகச் சேர்க்கப்படும்.

இனி மிஸ்ட் கோட் கலக்கும் வேளையில் உங்களையும் கூப்பிடுவோம். தயவுசெய்து வாளியருகே வந்து நின்று அளவைப் பாருங்கள்.

அன்புடன்,
உரிமையாளர்