டியூப் அனுப்பியிருக்கிறேன்

அன்பு மகள் கயலுக்கு,

இங்கு அம்மாவும் நானும் நலம். இந்தக் கடிதத்தோடு வயரிங் பைப் ஒன்று இருக்கிறதே, அதற்குள்தான் உன் லேப்டாப் திரைக்கு வெளிச்சம் கொடுக்கும் டியூப். பஞ்சு சுற்றி வைத்திருக்கிறேன், தட்டி எடுக்காமல் மெதுவாக உருவு. 2 மி.மீ. கனம்தான், விரலில் அழுத்தினாலே முறியும். உடைந்தால் ஜன்னலைத் திறந்துவிட்டு, துண்டுகளை அட்டையால் வாரி, டேப்பால் ஒற்றி எடுத்து ஒரு பாட்டிலில் மூடிவை. விளக்குமாறு வேண்டாம், உள்ளே துளி பாதரசம் உண்டு.

நீ சொன்னதை வைத்துப் பார்த்தால் இன்வெர்ட்டர், அதாவது டியூபுக்கு உயர் வோல்டேஜ் கொடுக்கும் சின்ன போர்டு, நன்றாகத்தான் இருக்கிறது. திரை போட்டவுடன் சிவந்து எரிந்து, சூடேறிய பிறகு வெளுப்பது வயதான டியூபின் குணம். உன் லேப்டாப் திங்க்பேட் டி60 வந்தது 2006-ல். இத்தனை வருஷம் உழைத்ததே பெரிது.

அண்ணன் டியூபுக்குப் பதிலாக எல்இடி பட்டை போடச் சொல்கிறான். அதுவும் தப்பில்லை, கரண்ட் குறைவு, உயர் வோல்டேஜ் தொல்லையும் இல்லை. ஆனால் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் வயர் எது என்று தேடிப் பிடித்துப் பற்றவைக்க வேண்டும். நல்ல இன்வெர்ட்டர் கையில் இருக்கும்போது அந்த வேலை எதற்கு?

முதலில் அடாப்டரையும் பேட்டரியையும் கழற்றிவிடு. திரையைச் சுற்றியுள்ள சட்டத்தின் ஸ்க்ரூக்கள் சின்னச் சின்ன மூடிகளுக்கு அடியில் இருக்கும். சட்டத்தை எடுத்ததும் கீழே நீளமாக ஒரு போர்டு தெரியும், அதுதான் இன்வெர்ட்டர். கனெக்டரை வயரைப் பிடித்து இழுக்காதே, நகத்தால் நெம்பு. திரைப் பேனலைத் துண்டின் மேல் கவிழ்த்து வை. அதன் ஓரத்தில் சவ்வு போன்ற கேபிள்கள் வரிசையாக இருக்கும். அதில் ஒன்று மடங்கினாலும் திரையில் கோடு விழும், அதற்கு வைத்தியம் கிடையாது.

டியூப் அடி ஓரத்தில், பளபளக்கும் ஒரு தகரத் தொட்டிக்குள் இருக்கிறது. சில பேனலில் தொட்டியோடு பக்கவாட்டில் உருவலாம். சிலவற்றில் உலோகச் சட்டத்தைக் கொஞ்சம் தூக்க வேண்டும். தூக்க நேர்ந்தால் ஃபேனை அணைத்துவிட்டுச் செய். உள்ளிருக்கும் வெள்ளைத் தாள்களைத் தனித்தனியாகப் பிரிக்காதே. அங்கே ஒரு தூசி போனால் பிறகு தினமும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாய்.

இனி சால்டரிங். பழைய டியூபின் இரு முனையிலும் ரப்பர் தொப்பி இருக்கும். அதைப் பின்னுக்குத் தள்ளி வயரை எடு. புதியதில் பற்றவைக்கும்போது அயனைத் தொட்டவுடன் எடுத்துவிடு. சூடு கண்ணாடிக்கு ஏறினால் கம்பி நுழையும் இடத்தில் விரிசல் விடும். ஈயம் ஆறியபின் தொப்பியை மறக்காமல் முழுதாக மூடு. டியூப் எரியும்போது அங்கே 600 வோல்ட்டுக்கு மேல் ஓடும், பற்றிக்கொள்ளும் நொடியில் ஆயிரத்தைத் தாண்டும். தொப்பி இல்லாவிட்டால் பொறி தகரத்துக்குத் தாவும்.

இதனால்தான் சொல்கிறேன், சோதித்துப் பார்க்கும்போது இன்வெர்ட்டர் பக்கம் கையே போகக்கூடாது. பேட்டரியில்தானே ஓடுகிறது என்று நினைக்காதே.

சட்டத்தைப் பூட்டுவதற்கு முன் அரை மணி நேரம் ஓடவிடு. வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து மூலைகளைப் பார். ஒரு மூலை மட்டும் இருட்டாக இருந்தால் டியூப் தொட்டிக்குள் சரியாக உட்காரவில்லை, அணைத்துவிட்டு நகர்த்தி வை. கலர் முன்னைவிட நீலமாகத் தோன்றினால் பயப்படாதே. இவ்வளவு நாள் மஞ்சளையே வெள்ளை என்று பார்த்துப் பழகிவிட்டாய், அவ்வளவுதான்.

பழைய டியூபைக் குப்பையில் போடாமல் ஊருக்கு வரும்போது எடுத்து வா. அப்புறம், அம்மா எள்ளுப்பொடியையும் இதே பார்சலில் வைக்கச் சொன்னாள். நான்தான் வேண்டாம் என்றேன். அது அடுத்த வாரம் தனியாக வரும்.

அன்புடன்,
அப்பா