கடைமடைக்குத் தண்ணீர் வர நாளாகும்

என் அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் மாட்டுப் பொங்கலன்று கைக்கு வந்தது. அன்றே பதில் எழுத உட்கார்ந்தேன், முடியவில்லை. சம்பா அறுப்பு தொடங்கிவிட்டது, மெஷின் இன்று வரும் நாளை வரும் என்று வாசலுக்கும் வயலுக்கும் நடந்ததிலேயே நாலு நாள் போயிற்று. கதிர் நிற்கும்போதே ஈரத்தில் உளுந்து தெளித்தாகிவிட்டது. 28-ஆம் தேதி மேட்டூரை மூடிவிடுவார்கள், அப்புறம் மண்ணில் மிச்சமிருக்கும் ஈரமும் பனியும்தான் அந்த உளுந்துக்கு.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். டெங்கு வந்து போய் இரண்டு மாதமாகியும் முடி கொத்துக் கொத்தாய்க் கொட்டுகிறது, முட்டி வலிக்கிறது, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று எழுதியிருக்கிறாய். அதற்காக அமுக்கரா (அசுவகந்தா) லேகியம், புரோட்டீன் பவுடர், காலையில் ஒரு மணி நேரம் யோகா, எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் ஆரம்பித்திருக்கிறாய். படித்ததும் எனக்குப் பகீரென்றது. ஏனென்றால் மூன்று வருஷத்துக்கு முன் டைபாய்டு வந்து எழுந்தபோது நானும் இதையேதான் செய்தேன். ஒரு யோகா வகுப்பில் சேர்ந்தேன், அங்கே வந்தவர்கள் எல்லோருக்கும் ஒரே பாடம், மூச்சை வேக வேகமாக வெளியே தள்ளும் கபாலபாதி, அப்புறம் பன்னிரண்டு சுற்று சூரிய நமஸ்காரம். இருபது நாளில் இன்னும் மெலிந்தேன். வீட்டுக்கு வந்து கைகால் நடுங்கப் படுத்துக்கொண்ட நாட்கள் உண்டு.

அப்புறம்தான் ஒரு சித்த மருத்துவரிடம் போனேன். வயசானவர். நான் வாங்கி வைத்திருந்த டப்பாக்களை எல்லாம் மேஜையில் அடுக்கினேன், அவர் ஒன்றையும் தொடவில்லை. "பசிக்கிறதா அம்மா?" என்று கேட்டார். யோசித்துப் பார்த்தேன், மணி பார்த்துத்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன், பசித்துச் சாப்பிட்டு மாதக்கணக்காகியிருந்தது.

அப்புறம் அவர் விளக்கினார். சித்த மருத்துவத்தில் உடம்பைக் கட்டி நிறுத்துபவை, அதாவது உடற்கட்டு, ஏழு: சாரம், செந்நீர், ஊன், கொழுப்பு, என்பு, மூளை, சுக்கிலம் (விந்து). மூளை என்றால் தலைக்குள் இருப்பது மட்டுமில்லை, எலும்புக்குள் இருக்கும் மச்சையும் சேர்த்துத்தான். பெண்களுக்குக் கடைசிக் கட்டைச் சுரோணிதம் என்பார்கள். ஆயுர்வேதத்திலும் இதே ஏழுதான், ரசம், ரக்தம் என்று பெயர் மாறும். தின்ற சோறு செரித்துச் சாரமாகி, அது ரத்தத்தை வளர்த்து, ரத்தம் தசையை வளர்த்து, இப்படி ஒன்றிலிருந்து ஒன்றாகப் போகிறது, கடைசிக் கட்டு வரை போய்ச் சேர ஒரு மாதம் ஆகும் என்பது பழைய ஆயுர்வேத ஆசிரியர் சுசுருதரின் கணக்கு. ஒவ்வொரு கட்டுக்கும் தனியாக ஒரு அக்கினி, அதாவது செரிக்க வைக்கும் நெருப்பு, உண்டு, ஆனால் வயிற்றில் இருக்கும் அக்கினிதான் எல்லாவற்றுக்கும் தாய்.

இது எப்படி நடக்கிறது என்பதற்கு ஆயுர்வேதத்தில் மூன்று உவமை வைத்திருக்கிறார்கள் என்று அவர் சொன்னார். பால் தயிராகி, வெண்ணெயாகி, நெய்யாவதுபோல ஒன்று இன்னொன்றாக மாறுவது முதலாவது. இரண்டாவதைக் கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. வாய்க்காலும் வயலும்! வாய்க்காலில் வரும் தண்ணீர் முதலில் தலைமடை வயலை நனைக்கும், அப்புறம் அடுத்தது, அப்புறம் அதற்கடுத்தது. நாம் வாய்க்காலின் கடைசியில் இருக்கும் கடைமடைக்காரர்கள் இல்லையா, இதை யாரும் நமக்கு விளக்க வேண்டாம். ஜூன் 12-இல் மேட்டூர் திறந்து, கல்லணை தாண்டி, நம் ஊர் வாய்க்காலுக்குத் தண்ணீர் வரும்வரை அப்பா தினமும் மதகடியில் போய் நின்றது உனக்கு ஞாபகம் இருக்கும். மேலே எத்தனை அடி திறந்தாலும் நடுவில் ஆகாயத்தாமரை மண்டிக் கிடந்தால் நமக்கு வந்து சேராது. உன் முட்டியும் முடியும் கடைமடை. ஆயுர்வேதத்தில் முடியை எலும்போடு சேர்த்துத்தான் சொல்வார்கள். நீ மேலே லேகியமும் பவுடருமாகத் திறந்துவிடுகிறாய், வாய்க்கால் இன்னும் தூர்வாரவில்லை.

மூன்றாவது உவமை களத்துப் புறா. நெல் காயும் களத்தில் புறாக்கள் வந்து இறங்கும், தனக்கு வேண்டியதைப் பொறுக்கிக்கொண்டு தன் தன் கூட்டுக்குப் போகும். கிட்டத்தில் கூடு உள்ளது சீக்கிரம் போய்ச் சேரும், தூரத்துக் கூட்டுக்கு நேரமாகும். இன்று காலை கொள்முதல் நிலையத்துக்கு முன்னால் ரோட்டில் நெல்லைப் பரப்பி, காலால் துழாவிக்கொண்டிருந்தேன். ஏழெட்டுப் புறா வந்து இறங்கிற்று. விரட்ட மனசு வரவில்லை, ஒவ்வொன்றும் எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்த்துக்கொண்டே நின்றேன்.

முப்பது வருஷம் பயாலஜி நடத்தியவள் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். ரத்தச் சிவப்பணுவுக்கு ஆயுசு சுமார் 120 நாள், எலும்பு வருஷத்துக்குப் பத்தில் ஒரு பங்குதான் புதுப்பிக்கப்படுகிறது. பழைய நூலின் ஒரு மாதக் கணக்கும் இதுவும் ஒன்றல்ல, ஒன்றை வைத்து மற்றதை நிரூபிக்கவும் நான் வரவில்லை. இரண்டு பக்கமும் வரிசையையும் பொறுமையையும் கேட்கின்றன, எனக்கு அது போதும். மூச்சு வாங்குகிறது என்றாயே, அதற்கு முதலில் ஹீமோகுளோபின் பார்த்துவிடு. இந்த வைத்தியத்தையே பார்த்துக்கொண்டு அந்தப் பரிசோதனையைத் தள்ளிப் போடாதே. அமுக்கராவை நிறுத்து, நீ தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறாய், அமுக்கராவும் தைராய்டு சுரப்பைக் கூட்டக்கூடியது. உன் டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது.

நம் வீடுகளில் பிள்ளை பெற்றவளுக்கு என்ன செய்தார்கள், யோசித்துப் பார். எடுத்த எடுப்பில் நெய்யும் உளுந்துமா கொடுத்தார்கள்? சுண்டைக்காய் வற்றல், வேப்பம்பூ, சுக்கு, மிளகு, சீரகம் எல்லாம் வறுத்துப் பொடித்த அங்காயப்பொடியைச் சூடான சோற்றில் போட்டு, இரண்டு சொட்டு நெய் விட்டுப் பிசைந்து கொடுத்தார்கள். பசி எழும்பின பிறகுதான் மற்றதெல்லாம். அந்தக் கிழவிகளுக்கு யாரும் சுசுருதரைச் சொல்லிக்கொடுக்கவில்லை, வாய்க்காலை முதலில் வெட்ட வேண்டும் என்று தெரிந்திருந்தது.

யோகாவை விடச் சொல்லவில்லை. உடற்பயிற்சி பாதி பலம் வரைக்கும்தான் என்று ஆயுர்வேதம் சொல்கிறது, நெற்றியிலும் அக்குளிலும் வியர்வை அரும்பி, வாயால் மூச்சு விடத் தோன்றினால் அதோடு நிறுத்திவிட வேண்டும். உன்னுடைய பாதி இப்போது ரொம்பச் சின்னப் பாதி. சாப்பிட்டபின் பத்து நிமிஷம் வஜ்ராசனம், முட்டி வலித்தால் அதுவும் வேண்டாம், சும்மா நிமிர்ந்து உட்கார். காலையில் மெதுவாக, மூக்கின் ஒரு பக்கம் மாற்றி ஒரு பக்கம் மூச்சு விடும் நாடி சுத்தி, சாயங்காலம் சுவரில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் படு, கடைசியில் சவாசனம். கபாலபாதி வேண்டவே வேண்டாம். அது உடம்பை இளைக்க வைக்கும் பக்கம், உனக்கு இப்போது வேண்டியது தேற்றும் பக்கம். தெம்பு வந்தபின் விருட்சாசனம், வீரபத்ராசனம் என்று நின்று செய்வதை ஒவ்வொன்றாகச் சேர், எலும்புக்குப் பாரம் தாங்கும் வேலை வேண்டும்.

நான் தேறியது உளுந்தங்களியில்தான். ஆனால் அது இரண்டாவது மாதம், நன்றாகப் பசித்த பிறகு. தோல் உளுந்தை மணம் வரும்வரை வறுத்து, நாலுக்கு ஒன்று பச்சரிசி சேர்த்து அரைத்துக்கொள்வேன். பனைவெல்லத்தைக் கரைத்து வடிகட்டி, கொதித்ததும் மாவைத் தூவிக் கட்டி தட்டாமல் கிளற வேண்டும். முதலில் அடியில் அப்பும், கரண்டி திரும்பாது, கை வலிக்கும். நல்லெண்ணெய் விட விடப் பளபளவென்று ஆகிச் சட்டியை விட்டு எழும்பி வரும். ஈரக்கையால் தொட்டால் ஒட்டக்கூடாது, அதுதான் பதம். உருட்டி, நடுவில் குழித்து, இன்னும் கொஞ்சம் எண்ணெய் ஊற்றிச் சாப்பிடுவேன். காலையில் ஒரே ஒரு உருண்டை, மத்தியானம் பசிக்கும்வரை வேறெதுவும் இல்லை.

இப்போதைக்கு ஒரு வேலை செய். ஒரு வாரம், தினமும் எத்தனை மணிக்குப் பசித்தது என்று மட்டும் காலண்டரில் குறித்து வை, அதை எனக்கு அனுப்பு. அடுத்த வெள்ளிக்கிழமை உன் ஊருக்கு வரும் தம்பியிடம் அங்காயப்பொடி ஒரு பாட்டில் கொடுத்து விடுகிறேன். பங்குனியில் உளுந்து பிடுங்குவோம், அதற்குள் உனக்குப் பசி வந்துவிடும். நீயே கிளம்பி வா, புது உளுந்தில் நானே கிளறித் தருகிறேன்.

அன்புடன்,
உன் கடைமடைத் தோழி