எலாஸ்டிக் காத்திருக்காது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

டர்பனில் எங்கள் பக்கத்துச் சமூகக் கூடமொன்றில் நம்மவர்களின் பழைய துணிமணிகளைக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். பட்டுப்புடவைகளுக்குக் கண்ணாடிப் பெட்டி. கரீஸ் ஃபவுண்டன் மைதானத்தில் பந்தாடிய காலத்துக் கால்சட்டை, நீச்சலுடை, நடன உடுப்பு இதெல்லாம் ஜன்னலோரம் ஹேங்கரில். இது தலைகீழ் ஏற்பாடு என்பதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

பட்டு, வெயிலும் ஈரமும் படாமல் இருந்தால் தலைமுறைகள் தாண்டும். எலாஸ்டிக் அப்படியில்லை, பூட்டி வைத்தாலும் சில பத்தாண்டுகளில் கெட ஆரம்பித்துவிடும். பழைய இடுப்புப் பட்டிகளில் இருப்பது ரப்பர் இழை. காற்றும் வெளிச்சமும் பட்டுப் பட்டு இறுகி, தொட்டால் பழைய அப்பளம் மாதிரி நொறுங்கும். 1958இல் டூபாண்ட் நிறுவனத்தில் கண்டுபிடித்த லைக்ரா என்ற இழுபடும் செயற்கை இழையும் தப்பாது. அது பாலியூரித்தேன், அதில் ஒரு வகையை ஈரம் அரிக்கும், இன்னொரு வகையை வெளிச்சம் கெடுக்கும். நம் ஊர்க் கடற்காற்றிலும் பிப்ரவரிப் புழுக்கத்திலும் ஈரம், வெளிச்சம் இரண்டுமே தாராளம்!

இன்னொன்று, ரப்பரைப் பதப்படுத்தக் கந்தகம் சேர்ப்பார்கள், அதிலிருந்து கிளம்பும் வாயு வெள்ளி ஜரிகையைக் கறுக்க வைக்கும், அதனால் எலாஸ்டிக் வைத்த உடுப்பைப் புடவையோடு ஒரே பெட்டியில் போடக்கூடாது. பரதநாட்டிய உடுப்பில் ஜரிகையும் எலாஸ்டிக்கும் ஒன்றாகவே தைத்திருக்குமே என்றால், நடுவில் அமிலமில்லாத டிஷ்யூ காகிதம் வைக்கலாம். எலாஸ்டிக்கைப் பிய்த்தெடுத்துவிட்டுப் புதிது வைத்துத் தைப்பது மட்டும் வேண்டவே வேண்டாம், அப்புறம் அது பழைய உடுப்பே இல்லை.

ஹேங்கரில் மாட்டினால் பனியன் துணி தன் கனத்திலேயே தொங்கி நீண்டுவிடும். ஆகவே படுக்க வைக்கவேண்டும், எலாஸ்டிக் இருக்கும் இடத்தில் மடிப்பு விழாமல். பொம்மைக்குப் போட்டுக் காட்டுவதானால் உடுப்பைவிடச் சின்ன பொம்மையாக எடுத்து உள்ளே பஞ்சுத்துணி வைத்து நிரப்பட்டும், இழுத்து மாட்டவேண்டாம். வருகிறவர்கள் "இன்னும் இழுவை இருக்கா?" என்று இழுத்துப் பார்ப்பதையும் நிறுத்தணும். இழுவை இருக்கும்போதே படம் எடுத்து, இழுக்காமல் இடுப்பளவு எடுத்துக் குறித்துவைத்தால் பின்னால் உதவும்.

ரப்பரா லைக்ராவா என்று கண்ணால் பார்த்துச் சொல்வது கஷ்டம். கிரே ஸ்ட்ரீட்டில் அந்தக் காலத்தில் தைத்தவர்கள் யாரேனும் இதைப் படித்தால், எந்த வருடம் எந்த எலாஸ்டிக் வாங்கித் தைத்தீர்கள் என்று அந்தக் கூடத்தாரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

ஒரு வாசகி,
டர்பன்