எங்கள் சுவரோரத்தைத் திருப்பிக் கொடுங்கள்: ஏற்காட்டிலிருந்து ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். ஏற்காட்டில் யார் எங்கே உட்கார்ந்து விற்கலாம் என்று முடிவு செய்கிற பொறுப்பில் நீங்கள் இருக்கிறீர்கள். உங்கள் அலுவலகத்தின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. கோடை விழாவுக்கு முந்தின சனிக்கிழமை ஏரிக்கரைச் சாலையில் நடந்தது உங்களுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். ஆகவே கேட்க வேண்டியதை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். நாங்கள் ஏழு பேர் படம் மாட்டி விற்றுக்கொண்டிருந்த அந்தச் சுவரோரத்தைத் திருப்பிக் கொடுங்கள். மேலே ஒரு கூரை போட்டுக் கொடுங்கள். இன்னார் இங்கே உட்காரலாம் என்று கையெழுத்துப் போட்டு ஆளுக்கோர் அட்டை கொடுங்கள். அவ்வளவுதான்.

நான் கன்னங்குறிச்சிக்காரன். எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நின்றால் மூக்கனேரி தெரியும், அதற்கு அந்தப் பக்கம் சேர்வராயன் மலை தெரியும். சின்ன வயதில் அந்த மலையைத்தான் சிலேட்டில் வரைவேன். அப்பா சேலத்தில் கடைகளுக்கு போர்டு எழுதியவர். கட்சிக் கூட்டத்துக்குச் சுவரெழுத்து, சினிமாவுக்கு பேனர், லாரிகளுக்குப் பின்பக்கம் பூவும் கிளியும் என்று வராத வேலை இல்லை. ஃபிளெக்ஸ் வந்ததும் இரண்டே வருடத்தில் எல்லாம் நின்றுபோனது. கடைசிக் காலத்தில் வீட்டு கேட்டுகளுக்கு பெயின்ட் அடித்தார். அவர் விட்டுப்போன பிரஷ்களோடு நான் மலையேறினேன். 19 வருடமாகிறது.

அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு. முதல் பஸ்ஸில் ஏறினால் விடியும்போது மேலே இருக்கலாம். பக்கோடா பாயின்ட்டில் பனி கலைவதற்குள் ஒரு படத்துக்கு அடிவண்ணம் போட்டுவிடலாம். லேடீஸ் சீட்டில் வானம் தெளிந்த நாளாக அமைந்தால் தூரத்தில் மேட்டூர் நீர்த்தேக்கம் மெல்லிய கோடாக மின்னும். சில்வர் ஓக் இலை காற்றில் புரளும்போது அடிப்பக்கம் வெளுப்பாகத் தெரியுமே, அந்த வெளுப்பைப் பிடிக்க எனக்கு நாலு வருடம் ஆனது. காலையில் வரைவேன், பத்து மணிக்கு மேல் ஏரிக்கரைச் சுவரில் மாட்டி விற்பேன். சின்னது 300 ரூபாய், பெரியது 2,500 வரை. வீட்டுச் செலவு, மகள் படிப்பு எல்லாம் இதில்தான்.

எங்கள் ஏழு பேரில் ஒரு பெண், இந்த மலையின் பழங்குடிகளான மலையாளிக் குடும்பத்தைச் சேர்ந்தவள். அவள் ஊர் வாழவந்திப் பக்கம். காபி டிகாக்‌ஷனைத் திக்காகக் காய்ச்சி, அதையே வண்ணமாக வைத்துத் தன் ஊர் வீடுகளையும் சேர்வராயன் கோயில் திருவிழாக் கூட்டத்தையும் வரைகிறாள். கடை போட்டுக் கிடைத்த பணத்தில்தான் தம்பியைக் கல்லூரியில் சேர்த்தாள். இன்னொருவர் 70 வயதைத் தொட்டவர், ஆர்க்கிட் பூக்களை மட்டும்தான் வரைவார். பொட்டானிக்கல் தோட்டத்துக்குப் போய் மணிக்கணக்கில் பார்த்துவிட்டு வந்து மனதில் இருப்பதை வரைவார். இவர்களையெல்லாம் உங்கள் ஊழியர்களுக்கு முகம் தெரியும். டீ வாங்கிக் கொடுத்துப் பேசியவர்கள்தான்.

சரி, அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன். எல்லாவற்றையும் சொல்லவில்லை. ஒரே ஒரு படத்தைப் பற்றிச் சொல்கிறேன்.

காபிச் செடி எப்படிப் பூக்கும் என்று நீங்கள் பார்த்திருப்பீர்கள். மார்ச்சிலோ ஏப்ரலிலோ ஒரு கோடை மழை இறங்க வேண்டும். அதற்கப்புறம் எட்டு, பத்து நாளில் தோட்டம் முழுக்க ஒரே காலையில் பூத்து நிற்கும். மல்லிகைப் பந்தலுக்குள் நுழைந்த மாதிரி வாசம் அடிக்கும். இரண்டு நாள், மிஞ்சினால் மூன்று நாள். அப்புறம் பழுப்பேறி உதிர்ந்துவிடும். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் கொண்டுவந்த செடி இது என்பார்கள். அன்றிலிருந்து இந்த மலைக்காரர்கள் வருடத்தில் அந்த மூன்று நாளுக்காகக் காத்திருக்கிறார்கள். நானும் காத்திருப்பேன். நாகலூர் போகிற வழியில் ஒரு தோட்டம், உள்ளே உட்கார முதலாளி அனுமதி கொடுத்திருந்தார். முதல் வருடம் பென்சிலில் கோடு மட்டும் போட முடிந்தது, இரண்டாம் நாளே மழை வந்து பூவை அடித்துவிட்டது. அடுத்த வருடம் இலைகளின் பச்சையையும் நிழலையும் முடித்தேன். மூன்றாம் வருடம், அதாவது இந்த மார்ச்சில்தான் பூவுக்கு வந்தேன்.

வாட்டர்கலரில் வெள்ளைப் பூவுக்கு வெள்ளை பூசுவதில்லை, ஐயா. தாளின் வெள்ளையை அப்படியே விட்டுவிட்டுச் சுற்றிலும் பச்சையைக் கொண்டுவர வேண்டும். ஒவ்வொரு இதழுக்கும் பிரஷ் நுனியால் சுற்றி வளைத்து வர வேண்டும். ஒரு துளி உள்ளே போனால் அந்தப் பூ போனது. அந்தப் படத்தில் எத்தனை பூ என்று நான் எண்ணவில்லை. முதுகு பிடித்துக்கொண்டு இரண்டு நாள் படுத்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது. அதை விற்கக்கூட எனக்கு மனதில்லை. கோடை விழாவுக்கு வருகிறவர்கள் பார்க்கட்டும் என்று நடுவில் மாட்டி வைத்திருந்தேன்.

அன்று காலை உங்கள் ஆட்கள் வந்தார்கள். பத்து நிமிடம் கொடுத்தார்கள். கண்ணாடி பிரேம் போட்ட படங்களை பத்து நிமிடத்தில் எப்படிக் கட்டுவது? பாதி கட்டுவதற்குள் மீதியை அள்ளி டிராக்டரில் போட்டுவிட்டார்கள். கண்ணாடி உடைகிற சத்தம் கேட்டது. பின்னால் ஓடிப்போய்க் கும்பிட்டுக் கேட்டேன், "மேகம் கட்டுது சார், மேலே ஒரு தார்ப்பாய் மட்டும் போடுங்க" என்று. டிரெய்லரில் தார்ப்பாய் இருந்தது. அது விழாவுக்கு அச்சடித்து வந்த ஃபிளெக்ஸ் சுருள்களின் மேல் போர்த்தியிருந்தது. எடுக்க மாட்டோம் என்றார்கள். நாலு மணிக்கு மழை பிடித்தது. மே மாதத்து மழை இங்கே எப்படி இறங்கும் என்று உங்களுக்கே தெரியும்.

நாலாம் நாள் படங்கள் கையில் கிடைத்தன. என்னுடையவற்றில் 34 போயிற்று, 11 தேறியது. காபிப் பூப் படத்தில் உடைந்த கண்ணாடி வழியாகத் தண்ணீர் இறங்கி, பச்சை முழுக்க வெள்ளைக்குள் ஓடியிருந்தது. ஒரு பூ மிச்சமில்லை. வெறும் பாசி பிடித்த சுவர் மாதிரி இருந்தது. அப்போது அங்கே இருந்த ஒருவர் சொன்ன வார்த்தையால்தான் இந்த மடலையே எழுதுகிறேன். "படம்தானே, திரும்ப வரைஞ்சுக்கங்க" என்றார்.

ஒரு காய்கறிக் கடைக்காரரின் கூடையைக் கவிழ்த்திருந்தால், அது நஷ்டம் என்று அப்படிச் சொன்னவருக்குப் புரிந்திருக்கும். கவிழ்ப்பது தப்பு என்பது வேறு விஷயம், நஷ்டம் என்றாவது புரிந்திருக்கும். வரைகிறவனுக்குப் பொருள் நஷ்டம் உண்டு, நாள் நஷ்டம் உண்டு என்பதே பலருக்குத் தோன்றுவதில்லை. நல்ல தாள் ஒன்று என்ன விலை, பிரேம் போட என்ன ஆகும் என்று யாராவது ஒருவர் கேட்டிருந்தால்கூட மனது ஆறியிருக்கும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருடத்துக்கு முன் விழாவுக்காக ஒரு நீளச் சுவருக்குப் படம் வரைந்து தரச் சொன்னீர்கள். காட்டெருமை, ஏரி, படகு, பூந்தோட்டம். எங்களில் மூன்று பேர் ஆறு நாள் வெயிலில் நின்று வரைந்தோம். பெயின்ட் கொடுத்தீர்கள், கூலி கேட்டபோது "ஊருக்குச் செய்யுறீங்க, பேரு கிடைக்கும்" என்றார்கள். ஊருக்குத்தானே என்று நாங்களும் மறுபேச்சுப் பேசவில்லை. அந்தச் சுவர் முன்னால் இன்றைக்கும் சுற்றுலாப் பயணிகள் நின்று போட்டோ எடுக்கிறார்கள். சுவரில் வரைய நாங்கள் வேண்டும், சுவரோரம் உட்கார நாங்கள் கூடாது என்றால் அது எந்த விதத்தில் நியாயம் என்று எனக்குத் தெரியவில்லை.

கடைகளில் ஏற்காடு நினைவுப் பொருள் என்று விற்பதைப் போய்ப் பாருங்கள். ஃபிரிட்ஜில் ஒட்டுகிற பிளாஸ்டிக் பொம்மை, சாவிக்கொத்து, பனிமலை படம் போட்ட தட்டு. அதே தட்டு ஊட்டியிலும் இருக்கிறது, கொடைக்கானலிலும் இருக்கிறது. கீழே ஊர்ப் பெயர் மட்டும் மாறும். இந்த மலையில் எங்கே பனி பெய்து வெள்ளையாக உறைந்தது? இந்த மலையின் பாறையையும் செம்மண்ணையும், பாக்சைட் தோண்டி எடுத்துப் போன பிறகு மேலே தெரிகிற அந்தச் சிவப்புத் தழும்பையும், மிளகுக் கொடி ஏறிய மரத்தையும் பார்த்து வரைகிறவர்கள் நாங்கள் சில பேர்தான் இருக்கிறோம். எங்களையும் எழுப்பிவிட்டால் வந்துபோகிறவர்கள் இந்த ஊரிலிருந்து எதை எடுத்துப் போவார்கள்?

கோபத்தில் வேறெங்கோ போய்விட்டேன், மன்னிக்கவும்.

உங்கள் பக்கத்து நியாயமும் எனக்குத் தெரியும். விழா நாட்களில் அந்தச் சாலையில் கார் நகராது. நெரிசல் என்றால் ஒதுங்கத்தான் வேண்டும். ஒரு வாரம் முன்னால் சொல்லியிருந்தால் நாங்களே விழா முடியும்வரை கடை போடாமல் இருந்திருப்போம். வருமானம் வருகிற நாட்கள் அவைதான், இருந்தும் ஒதுங்கியிருப்போம். விழா முடிந்து ஐந்து வாரம் ஆகிறது. சாலை காலியாகக் கிடக்கிறது. நாங்கள் இருந்த சுவர் தார்ச் சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. நாங்கள் பிடிப்பது இரண்டடி அகலம். எந்த வண்டியையும் மறிக்கவில்லை.

மாற்று இடம் கொடுத்தோம் என்பீர்கள். வண்டி நிறுத்துமிடத்துக்குப் பின்னால் இருக்கிற அந்த மண்தரைதானே? அங்கே கூரை கிடையாது. பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர்கள் ஏரியைப் பார்த்துத்தான் நடப்பார்கள், பின்னால் திரும்ப மாட்டார்கள். முன்பு ஒரு சனி, ஞாயிறில் எட்டுப் படம் போகும். இந்த ஐந்து வாரத்தில் மொத்தம் நாலு போனது. மதியத்துக்கு மேல் பனி இறங்கினால் தாள் உப்பி அலையலையாகிவிடுகிறது. வீட்டுக்குக் கொண்டுபோய் மறுநாள் எடுத்தால் பூஞ்சைப் புள்ளி. ஆர்க்கிட் வரைகிற பெரியவர் இரண்டு வாரம் வந்தார், இப்போது வருவதில்லை.

தெருவோர வியாபாரிகளுக்கு 2014இல் ஒரு சட்டம் வந்தது. நகரங்களை மனதில் வைத்து எழுதிய சட்டம். மலையூருக்கு அது அப்படியே பொருந்துமா என்று வாதாட நான் வக்கீல் இல்லை. அதில் இருக்கிற முறையைத்தான் சொல்கிறேன். வியாபாரிகளைக் கணக்கெடுத்துச் சான்றிதழ் கொடுக்க வேண்டும். சான்றிதழ் வைத்திருப்பவரை இடம் மாற்ற 30 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும். பொருளைப் பறிமுதல் செய்தால் பட்டியல் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுக்க வேண்டும். கெட்டுப்போகாத பொருள் என்றால், உரியவர் கேட்ட இரண்டு வேலை நாளில் திருப்பித் தர வேண்டும். எங்களுக்குக் கிடைத்தது பத்து நிமிடம். பட்டியல் இல்லை. நாலாம் நாள் ஈரத்தோடு ஒரு குவியல். சேலத்தில் கடைவீதியில் பூ விற்கிற ஒருவருக்கு என்ன மரியாதை உண்டோ, அதே மரியாதையை மலைமேல் இருக்கிற எங்களுக்கும் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

நஷ்டஈடு கேட்கவில்லை. கொடுத்தால் மற்ற ஆறு பேருக்கும் கொடுங்கள், அந்தக் காபி டிகாக்‌ஷன் பெண்ணுக்கு முதலில் கொடுங்கள். எனக்கு வேண்டியது அந்தச் சுவரோரம். தகரக் கூரையானாலும் போதும், செலவில் பாதியை நாங்களே போட்டுக்கொள்கிறோம் என்று எல்லோரும் பேசி முடிவு செய்திருக்கிறோம். விழா நாட்களில் எப்போது எழுந்துகொள்ள வேண்டும், எப்போது திரும்ப வரலாம் என்று அட்டையிலேயே எழுதுங்கள், அதன்படி நடக்கிறோம். குப்பை போட மாட்டோம், சுவரில் ஆணி அடிக்க மாட்டோம். முன்பும் அடித்ததில்லை, கம்பியில்தான் தொங்கவிட்டோம்.

அக்டோபரில் பெருமழை தொடங்கிவிடும். அதற்குள் கூரை வந்துவிட்டால் இந்த வருடத்தை எப்படியாவது சமாளித்துக்கொள்வோம். அலுவலகத்தில் பார்க்க நேரம் கேட்டு இரண்டு முறை வந்தேன், மீட்டிங் என்றார்கள். மூன்றாவது முறையாக வருகிற திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்கு வருகிறேன். அந்தக் காபிப் பூப் படத்தை நான் தூக்கிப் போடவில்லை, கையில் கொண்டு வருகிறேன். தயவுசெய்து ஐந்து நிமிடம் ஒதுக்கி அதைப் பாருங்கள்.

இப்படிக்கு,
ஏரிக்கரைச் சுவரோரம் படம் விற்ற எழுவரில் ஒருவன்,
கன்னங்குறிச்சி, சேலம்.